ஜம்பிலார் பேசுகிறேன்

ஜூன் 3

அன்பும் அதட்டலும் சம அளவில் நிறைந்த அக்காவுக்கு,

ஆழ்ந்த மனவேதனையோடு அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு ஃபிரிட்ஜின் உள்விளக்கு, சென்ற செவ்வாய் மாலை, முட்டை எடுக்கப் போன அப்பாவின் கண்ணெதிரிலேயே காலமானது. அன்னாருக்கு என் வயதில் முக்கால்வாசி இருக்கும். அன்னாரைப் பிரிந்து வாடுபவர்கள்: கீழ்த்தட்டில் இரண்டு கேரட், கதவில் ஒரு சாஸ் பாட்டில், மூலையில் யாரும் உரிமை கோராத ஒரு கிண்ணம். அப்பா ஒரு டார்ச் வாங்கி, கயிறு கட்டி, ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறார். இப்போது நம் வீட்டில் பால் எடுப்பது புதையல் எடுப்பது மாதிரி இருக்கிறது.

ஏன் போன் செய்யாமல் கடிதம் என்று கேட்பாய். என் போன் அம்மாவின் பீரோவில் சிறை வைக்கப்பட்டிருக்கிறது. செய்த குற்றம் சிறியது. நம் கட்டட லிஃப்டில், "இனிமேல் லிஃப்டில் ஏறுபவர்கள் ஏறியதும் தங்கள் எடையைச் சத்தமாகச் சொல்லவும் - நிர்வாகம்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். மூன்றாவது மாடி டீச்சர் உண்மையிலேயே சொல்லிவிட்டார். அதுவும் கீழ்வீட்டு வக்கீல் கூட நிற்கும்போது. அம்மாவின் போனில் உன்னோடு பேசலாம், ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று, "சாப்டியான்னு கேளு" என்பாள். அதற்குத் தபால்காரரே மேல்.

இனி முக்கியமான செய்தி. நீ கல்யாணமாகிப் போனபின் நம் சொற்கள் அநாதையாகிவிடும் என்று நினைத்திருப்பாய். அதுதான் இல்லை. பள்ளியில் "சொல் சங்கம்" ஆரம்பித்துவிட்டேன். தலைவர் நான். உறுப்பினர்கள் முப்பது பேர். இன்டர்வெல்லில் நம் பாஷையைத் தவிர வேறு எதுவும் காதில் விழுவதில்லை. நேற்று கணக்கு சார் வகுப்புக்குள் வந்து, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றார். நின்றவர், அப்படி நிற்பதற்கு நாம் வைத்த சொல்லையே, தானாக "டொய்ங்" என்றார். வகுப்பே எழுந்து கைதட்டியது.

பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் காலி டப்பாவை அலமாரியில் திருப்பி வைப்பவன் டப்பாசி என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். "கிளம்புறேன்" என்று சொல்லி, ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, வாசலிலேயே ஒரு மணி நேரம் பேசுபவர் ஜம்பிலார். வேலை வருகிற சத்தம் கேட்டதும் கண்ணை மூடித் தூங்குவது லுமுக்கு. எல்லாம் நாம் இருவரும் அறை நடுவில் இருந்த அலமாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு செய்தவை. இன்று ஊரே பேசுகிறது. நம் சட்டம்தான் சங்கத்திலும் சட்டம்: ஒருத்தர் சொல்ல வேண்டும், மற்றவர் அர்த்தம் கேட்காமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது சொல். அதுவரை வெறும் சத்தம்.

உன் கண்ணாடிக்கடைக்காரர் சுகமா?

இப்படிக்கு,
சொல் சங்கத்தின் நிறுவனர், தலைவர், கொள்கை பரப்புச் செயலாளர்

---

ஜூன் 11

டேய் வாலு,

கடிதம் கிடைத்தது. விளக்கின் ஆத்மா சாந்தியடையட்டும். லிஃப்ட் விஷயத்துக்கு அம்மா போனைப் பிடுங்கியதோடு விட்டாளே, அதற்கே நீ மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

நாங்கள் நலம். கீழே கடை, மேலே வீடு. காலையில் நான் துணி காயப்போடும்போதே கீழேயிருந்து சத்தம் வரும். "இந்தக் கண்ண மூடிட்டு மேல் வரி படிங்க. இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" நாள் முழுக்க இவர் இதைத்தான் கேட்கிறார். பழக்கதோஷத்தில் என்னிடமும் கேட்கிறார். இரண்டு சட்டையைத் தூக்கிக் காட்டி, "இது நல்லாருக்கா, முன்னாடி இருந்தது நல்லாருந்துச்சா?"

ஒரு கூத்து நடந்தது. போன வாரம் எல்லோரும் சாப்பாட்டு மேசையில். தட்டில் கேக் ஒரே ஒரு துண்டு மிச்சம். நம் வீட்டில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும், மரியாதைக்கு யாரும் தொடவில்லை. நான் யோசிக்காமல், "அந்தக் கௌரவத்துண்ட யாராவது எடுங்களேன்" என்றுவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தார். நாத்தனார் அத்தையைப் பார்த்தாள். எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போது இவர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கௌரவத்துண்டுக்குத் தனி ருசிதான்" என்றார்.

அர்த்தம் கேட்கவில்லை, பார்த்தாயா.

அப்புறம் மாடிப்படியில் மடக்கி, "அந்த மாதிரி இன்னும் எத்தன இருக்கு?" என்றார். நானும் நீயும் செய்த பாஷை என்று சொன்னேன். கற்றுக்கொள்ள வேண்டுமாம். நான் உன்னைக் கேட்காமல் சொல்லித்தர மாட்டேன், பாதி உன்னுடையது. அனுமதி தருவாயா?

லீவுக்கு இங்கே வா. கூப்பிடச் சொன்னதே இவர்தான். நான் ஊருக்குக் கிளம்பிய அன்றே நீ என்னை பஸ் ஏற்றிவிட வரவில்லை. வயிற்றுவலி என்று மொட்டைமாடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். வயிற்றுவலிக்காரன் படுக்க மொட்டைமாடிக்குப் போவானா என்று நான் பஸ்ஸில் பாதி வழி யோசித்தேன். கோபம் இல்லை. சும்மா சொன்னேன்.

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 18

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் மனு சங்கத்தின் செயற்குழு முன் வைக்கப்பட்டது. காரசாரமான விவாதம். சிலர் வெளிநடப்புச் செய்தார்கள், மணி அடித்ததால் திரும்பி வந்தார்கள். முடிவில் கண்ணாடிக்கடைக்காரருக்கு அனுமதி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் நீ சொல்லித்தர வேண்டாம். நீ கண்டபடி சொல்லித் தருவாய், அப்புறம் பாஷை கெட்டுப்போகும். தலைவரே நேரடியாகப் பாடம் எடுப்பார். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதை அவரிடம் மட்டும் கொடு. நீ பிரிக்கக் கூடாது. இது ஆண்கள் விவகாரம்.

லீவுக்கு வர இயலாது, மன்னிக்கவும். சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை அறுபதைத் தொட்டுவிட்டது. புதுச் சொற்கள் வாரத்துக்கு ஏழு எட்டு வருகின்றன, எதை வைத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்று தலை சுற்றுகிறது. இதை விட்டுவிட்டு நான் அங்கே வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேல் வரி படித்துக்கொண்டிருக்க முடியுமா?

பஸ் விஷயம். அது உண்மையான வயிற்றுவலி. காற்றோட்டம் தேவைப்பட்டது.

ஃபிரிட்ஜ் இன்னும் துக்கத்தில் இருக்கிறது. அப்பா கடைக்காரரிடம் போய், "உள்ள எரியிற பல்பு" என்று கேட்டு, அவர் "எல்லா பல்பும் உள்ளதாங்க எரியும்" என்று சொல்ல, கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

இப்படிக்கு,
அறுபதின்மர் தலைவர்

(இணைப்பு. கண்ணாடிக்கடைக்காரர் அவர்களுக்கு மட்டும்.)

ஐயா, தொடக்கநிலை மாணவருக்கு மூன்று சொற்கள் போதும்.

ஜம்பிலார்: வயதில் மூத்தவரை வரவேற்கும்போது சொல்லும் மிக உயர்ந்த மரியாதைச் சொல். எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

லுமுக்கு: ஓயாத உழைப்பு. அப்படி உழைக்கும் பெண்மணியை "லுமுக்கி" என்று வாயாரப் பாராட்டலாம்.

டப்பாசி: தன்னிடம் இருப்பதைப் பிறருக்குக் கொடுக்கும் நல்ல மனதுக்காரர்.

தயங்காமல் சபையில் பயன்படுத்தவும்.

---

ஜூலை 2

டேய்,

முதலில் உன் காதை நீயே பிடித்துத் திருகிக்கொள். இன்னும் பலமாக. அக்கா கை நினைத்துக்கொள்.

தாளை நான் பிரிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அதுதான் நான் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை இவருடைய பெரியப்பா வந்தார். கடை அவருடையது. இவர் அவரிடம்தான் வேலை கற்றார். பயங்கரக் கறார் மனிதர், யாரையும் பாராட்டி எனக்குத் தெரியாது, அவரையும் யாரும் பாராட்டியதில்லை. அதோடு, அவர் மாதிரி ஒரு ஜம்பிலாரை நீ பார்த்திருக்க முடியாது. நம் ஊர் ஜம்பிலார்கள் எல்லாம் அவர் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். "கிளம்புறேம்மா" என்பார், நாங்கள் மூன்று தடவை விளக்கை அணைத்துப் போடுவோம்.

அவர் உள்ளே நுழைகிறார். இவர் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க ஜம்பிலார்" என்றார்.

என் கையிலிருந்த டீ பாதி தட்டில், பாதி தரையில்.

"என்னடா சொன்ன?"

"ஜம்பிலார், பெரியப்பா. மரியாத வார்த்த. இவ தம்பி ஊர்ல பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க. எல்லாரையும் கூப்பிட மாட்டாங்க. ரொம்பப் பெரியவங்களத்தான்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷம் ஊருக்கே கண்ணாடி மாட்டிவிட்டவரை யாரும் ஒரு பட்டம் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். அன்றைக்கு வாசலில் நின்றது ஒன்றே முக்கால் மணி நேரம். இப்போது போன் எடுத்தால் "ஜம்பிலார் பேசுறேன்" என்கிறார். லென்ஸ் கொண்டுவரும் பையன் பில்லில் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

இரண்டாவது, அத்தை. இவர் எல்லோர் முன்னாலும், "எங்க அம்மா மாதிரி ஒரு லுமுக்கிய எங்கயும் பாக்க முடியாது" என்றார். அத்தைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது, அடுத்த நாளே எதிர்வீட்டில் போய், "எம்புள்ள என்ன லுமுக்கின்னு சொல்றான்" என்று பெருமையடித்திருக்கிறார். எதிர்வீட்டம்மா தன் மகனிடம் சண்டை. "ஒரு நாளாவது என்ன லுமுக்கின்னு சொல்லியிருக்கியா?"

மூன்றாவதைக் கேள். கடைக்கு வந்த ஒருவர் தன் பழைய கண்ணாடியை, "யாராவது இல்லாதவங்களுக்குக் குடுத்துடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார். இவர் உடனே, "நீங்க ஒரு டப்பாசி சார்" என்றார். இப்போது கடை வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. "டப்பாசிப் பெட்டி" என்று எழுதியிருக்கிறது. ஜனங்கள் பழைய கண்ணாடிகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இதுவரை யாரும் அர்த்தம் கேட்கவில்லை. நம் சட்டப்படி அது இப்போது சொல்லாகிவிட்டது. நீ பொய்யாகச் சொன்ன அர்த்தம்தான் மெய். உன் டப்பாசி, பிஸ்கட் டப்பாவோடு அம்போ என்று நிற்கிறான்.

இதுவரை சிரித்தேன். இனிமேல் சிரிப்பு இல்லை.

உன் தாளை இவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். சட்டை மாற்றும்போது தாளும் மாறுகிறது. ராத்திரி சாப்பிடும்போது சொன்னார், "உன் தம்பிக்கு என்னப் புடிக்கலையோன்னு நினச்சேன். கல்யாணத்துல ஒரு வார்த்தகூடப் பேசல. இப்போ பாரு, அவனே உக்காந்து எனக்கு எழுதியிருக்கான்."

நான் என்ன சொல்லட்டும்? ஒன்றும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அது உன் பாடு.

ஒன்று மட்டும். உனக்கு அங்கே அறுபது பேர் இருக்கிறார்கள். புது வீட்டில் நான் ஒரு சொல் சொன்னால் திருப்பிச் சொல்ல எனக்கு இவர் ஒருத்தர்தான்.

அக்கா

---

ஜூலை 6

அக்காவுக்கு,

சங்கத்தின் அவசரக் கூட்டம் இன்று நடைபெற்றது. உங்கள் ஊரில் எங்கள் சொற்கள் திரிக்கப்பட்டு வருவதற்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. டப்பாசிப் பெட்டியில் விழும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் தலைவருக்கு ஒரு பிஸ்கட் வீதம் உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்று அறுபது பேரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. மழை பெய்கிறது. அம்மா உன் பக்கத்துக் கட்டிலில் இஸ்திரித் துணியை அடுக்கி வைக்கிறாள்.

அவர் இன்னுமா அந்தத் தாளை வைத்திருக்கிறார்? தொலைத்துவிடச் சொல்லேன். மழையில் நனைந்தால் மை சட்டையில் ஒட்டும்.

தலைவர்

---

ஜூலை 13

டேய் தலைவா,

தாள் பத்திரமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டார்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் சங்கத்தைப் பற்றி இவரிடம் சொன்னேன். மனுஷன் ராத்திரி தூங்கவில்லை. அறுபது பிள்ளைகள், எல்லோரும் புத்தகம் படிக்கிறவர்கள், எத்தனை பேருக்குப் பார்வைக் கோளாறு இருக்கிறதோ என்று. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நேரே உன் பள்ளிக்கே வருகிறார். சொல் சங்க உறுப்பினர் அறுபது பேருக்கும் இலவசக் கண் பரிசோதனை. எழுத்துப் பலகை, லென்ஸ் பெட்டி எல்லாம் காரில் ஏற்றத் தயார். ஜம்பிலார் கடைக்கு ஒரு நாள் லீவு விட்டுவிட்டார், அவரும் வருகிறார். வாசலில் விடைபெறவே மாலையாகிவிடும், அதனால் காலையிலேயே கிளம்புகிறார்கள்.

உறுப்பினர் பெயர்களை மட்டும் எழுதி அனுப்பு. வகுப்பு வாரியாக இருந்தால் நல்லது என்கிறார்.

உன் அக்காவுக்கு உன்னைத் தெரியும் என்று நீ நினைத்தால், நீ நினைப்பது சரிதான்.

அன்புடன்,
அக்கா

---

ஜூலை 17

அக்கா,

காரில் எதையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லு. பெயர்ப்பட்டியல் அனுப்புவதில் ஒரு சிறு சிரமம். வகுப்பு வாரியாக எழுதினால் ஒரே ஒரு வகுப்பு வருகிறது, அதில் ஒரே ஒரு பெயர் வருகிறது, அது என் பெயர்.

சங்கம் இல்லை. முப்பதும் இல்லை, அறுபதும் இல்லை. பள்ளி திறந்த முதல் வாரம் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவனிடம் "டொய்ங்" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா?" என்றான். விளக்கினேன். "ஓ" என்றான். அவ்வளவுதான், செத்துப்போச்சு. கணக்கு சார் டொய்ங் சொல்லவில்லை. அவர் ஸ்கேல் கீழே விழுந்து அப்படி ஒரு சத்தம் வந்தது. கைதட்டியதும் நான் மட்டும்தான். அதற்கு வெளியே நின்றேன்.

வாரத்துக்கு ஏழு எட்டுச் சொல் என்று எழுதினேன். நீ போனபிறகு ஒன்றுகூட வரவில்லை. வந்த மாதிரி இருக்கும், அலமாரிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொல்வேன். அந்தப் பக்கம் இஸ்திரித் துணி இருக்கும். அம்மாவிடம் ஒரு தடவை "லுமுக்கு" என்றேன், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தத் தாளை எழுதும்போது எனக்கு ஜாலியாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். அவர் சபையில் சொல்லி அசடு வழிய வேண்டும், நீ "ச்சே, இவருக்கு நம்ம பாஷையே வரல" என்று நினைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அவர் கேக்கை எடுத்துத் தின்றதைப் படித்த அன்றைக்கே எழுதிவிட்டேன். அர்த்தம் கேட்காமல் திருப்பிச் சொன்னார் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. இது உண்மையான வயிற்றுவலி. நீ பஸ் ஏறிய அன்றைக்கு வந்தது பொய் வலி. அன்றைக்கு மொட்டைமாடிக்குப் போனது எதற்கென்றால், அங்கிருந்து பஸ் திருப்பம் வரை தெரியும்.

அவர் இங்கே வர வேண்டாம், நானே வருகிறேன். அப்பா சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். தாளில் இருக்கிற மூன்றுக்கும் உண்மையான அர்த்தத்தை நானே மாமாகிட்ட சொல்லிடறேன், நீ முந்திக்கொள்ளாதே. மாமாவுக்குக் கோபம் வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேல் வரி படிக்கிறேன், எத்தனை தடவை சொன்னாலும் படிக்கிறேன். ஆனால் ஜம்பிலாரிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் விஷயத்தில் அந்த அர்த்தமே இருந்துவிட்டுப் போகட்டும். நான் வந்து எழுந்து நின்று சொல்கிறேன்.

இன்னொன்று. இதையும் சொல்லிவிட்டால் என் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஃபிரிட்ஜ் விளக்கு சாகவில்லை. நான்தான் இரண்டு திருகு திருகித் தளர்த்தி வைத்திருந்தேன். உனக்குக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுத ஒரு செய்தியும் இல்லை.

இப்போதுதான் போய்த் திரும்ப இறுக்கினேன். அப்பா பால் எடுக்கத் திறந்தார், டார்ச்சைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு வந்தோம் என்று மறந்துவிட்டது போல. நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சனிக்கிழமை உன்னிடம் சொல்கிறேன்.

தம்பி